ரோஸ்லின் வரியை அழிக்காதீர்கள்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். "மேடம், டிரான்ஸ்ஃபர் புரோகிராமோட டெஸ்ட் ஃபைல்ல ரோஸ்லின்னு ஒருத்தங்க இருக்காங்க. கேக்கிற முதல் ஸ்கூல் அவங்களுக்குக் கிடைக்கிறதே இல்ல. யார் மேடம் இது? வேணாம்னா டெலீட் பண்ணிடலாமா?"

நான் அப்போது மர்பி டவுனில் எங்கள் வீட்டு வாசலில் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பேரத்தை அப்படியே விட்டுவிட்டு, "கை வச்சே, நேரா எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்கே வந்துடுவேன்" என்று பதில் போட்டேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமான பிலோ மேடத்தின் மிரட்டல் எவ்வளவு தூரம் எடுபடும் என்று எனக்கே சந்தேகம். மிரட்டலை விட விளக்கம் நல்லது என்று தோன்றியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். டீ எடுத்துக்கொண்டு வந்து படியுங்கள்.

நான் பைத்தான் என்ற கணினி மொழிக்கு வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் பழகிய மொழியில், சேர்ந்து நடக்க வேண்டிய வரிகளை ஒரு ஜோடி அடைப்புக்குறிக்குள் போட்டுப் பூட்டிவிடுவோம். பைத்தானில் பூட்டு கிடையாது. ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் அது எதற்குக் கட்டுப்பட்டது என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் நோட்டுக்கு மார்ஜின் போடச் சொன்ன சிஸ்டர்களுக்குக் கடைசியில் மரியாதை கிடைத்துவிட்டது என்று கேலி பேசினேன். கேலி பேசிய மாதமே ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் ஒன்றை நிறுத்த மறந்து, ஒரே ஆளுக்கு நாற்பது பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். அந்த ஆள் எங்கள் துறைத் தலைவர். மறுநாள் லிஃப்டில் என்னைப் பார்த்து ஒரே ஒரு முறை "தேங்க்யூ" என்றார். அதோடு கேலி பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

சரி, ரோஸ்லினுக்கு வருகிறேன். ஊர் முழுக்கப் பள்ளிகள் நடத்தும் ஒரு அறக்கட்டளை நம்மிடம் வேலை கொடுத்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய ஆசிரியர்களுக்கு இடமாற்றம் நடக்கும். யார் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதை இணையத்திலேயே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆசிரியரும் தனக்கு விருப்பமான பள்ளிகளை வரிசையாக எழுதித் தருவார். சீனியாரிட்டிப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் கேட்டதில் முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

ஒவ்வொரு ஆசிரியராக எடு
    அவர் கேட்ட ஒவ்வொரு பள்ளியாகப் பார்
        அங்கே இடம் இருந்தால்
            அதைக் கொடு
            பார்ப்பதை நிறுத்து

ஐந்தே வரி. இதில் கடைசி வரியை நான் முதலில் எழுதவே இல்லை. எழுதாதது யாருக்கும் தெரியவும் இல்லை. ஏனென்றால் நாங்கள் டெஸ்ட் ஃபைலில் வைத்துச் சோதித்துப் பார்த்த ஐந்து கற்பனை ஆசிரியர்களும் ஆளுக்கு ஒரே ஒரு பள்ளியைத்தான் கேட்டார்கள். கேட்டது கேட்டபடி ஐந்து பேருக்கும் கிடைத்தது. திரையில் ஐந்து பச்சை டிக். நானும் என் கூட வேலை செய்த மஞ்சுநாத்தும் கேன்டீனில் மசால் தோசை சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

இடமாற்ற நாள் ஒரு சனிக்கிழமை. ஆடுகோடியில் அவர்களுடைய பள்ளி ஒன்றின் ஹாலில் எல்லா ஆசிரியர்களும் கூடுவார்கள், பட்டியலை ஒட்டுவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்பு அறக்கட்டளைச் செயலாளர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விடுவார். நான் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். மஞ்சுநாத் ஆபீசில் இருந்தான். அறக்கட்டளையின் அலுவலக சூப்பிரண்டு அம்மாள் போன் செய்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். தன்னைப் பற்றி யாராவது நல்லதாகப் பேசினாலும் கோபித்துக்கொள்ளும் ரகம்.

"மேடம், ட்ரயல் லிஸ்ட் எடுத்துப் பாத்தேன். சீனியருங்களுக்கெல்லாம் கடைசியா எழுதின ஸ்கூல் வந்திருக்கு. ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருத்தரு ஊருக்கு வெளிய ஆனேக்கல்ல போய் நிக்கிறாங்க. ஏனாயித்து, என்ன ஆச்சு?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இடம் கொடுத்த பிறகும் நிற்காமல், அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி என்று போய் லூப் கடைசிவரை ஓடியிருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் போதும். ஆட்டோ ஓசூர் ரோட்டின் பள்ளங்களை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு போனது. நான் கட்டை விரலால் அந்த ஐந்து வரிகளையும் போனில் அடித்து மஞ்சுநாத்துக்கு அனுப்பினேன். போனில் அடிக்கும்போது யார் இடம் விட்டு அடிப்பார்கள்? எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. எது எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்று மஞ்சுநாத் தன் கண்ணளவில் தள்ளி வைத்தான். பழைய ஐந்து கற்பனை ஆசிரியர்களையே வைத்து ஓட்டினான். ஐந்து பச்சை டிக். திரையைப் படம் எடுத்து, "ஓகேயா மேடம்?" என்று அனுப்பினான். அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம். ஆட்டோக்காரருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். கட்டை விரல் படத்தை அனுப்பிவிட்டு இறங்கினேன்.

பட்டியல் ஒட்டினார்கள். சூப்பிரண்டு அம்மாள் மேலே இருந்து பத்துப் பெயரைச் சரிபார்த்தார்; பத்தும் சரி. பட்டியலின் மேல்பகுதி எப்போதும் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் மூத்தவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கேட்டதே கிடைத்துவிடும். ஹாலில் ஒரே கலகலப்பு. பிரகாஷ் என்ற இளம் கணக்கு வாத்தியாருக்கு மர்பி டவுன் பள்ளி கிடைத்திருந்தது. அவருக்குக் கல்யாணமாகி மூன்று மாதம், மனைவிக்குப் பக்கத்திலேயே அல்சூரில் வேலை. நம்பிக்கையோடு முன்கூட்டியே தார்வாட் பேடா வாங்கி வந்திருந்தார். பெட்டியைப் பிரித்து எனக்கும் ஒன்று நீட்டினார். நான் அதை வாயில் போட்டுக்கொண்ட சமயத்தில்தான் கடைசி பெஞ்சில் ரோஸ்லினைப் பார்த்தேன்.

ரோஸ்லின் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவு பழக்கம்தான். எலெக்ட்ரானிக் சிட்டிப் பள்ளியில் தமிழும் சமூக அறிவியலும் நடத்திக்கொண்டிருந்தார். அன்று மடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், லெட்டரா?"

"ரெசிக்னேஷன் மேடம்" என்றார், ஏதோ லீவ் லெட்டர் என்பதுபோல. "லிஸ்ட்ல எனக்கு இடமே இல்லன்னு போட்டிருக்கு. என் பையன் அல்சூர்ல ஸ்பெஷல் ஸ்கூல் போறான் இல்ல, மூணு மணிக்கு விட்டுடுவாங்க. பக்கத்து வூட்டுக்காரங்கதான் கூட்டினு வருவாங்க. அவங்க இந்த மாசம் வேலூருக்கே போயிடறாங்க. நான் எலெக்ட்ரானிக் சிட்டியிலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வர்றதுக்கு அஞ்சரை ஆவுது. அவன் ஸ்கூல் கேட்டாண்ட தனியா நின்னா பயந்து அழுவான் மேடம். அதான்."

"எத்தனை ஸ்கூல் எழுதினீங்க?"

"ஆறு. முதல்ல அல்சூரு, ரெண்டாவது மர்பி டவுனு, அப்புறம் ஆடுகோடி... ஆறுல ஒண்ணு கூடவா இல்ல?"

மர்பி டவுன் பள்ளி ரோஸ்லினை விடப் பல வருடம் ஜூனியரான பிரகாஷுக்குக் கிடைத்திருக்கிறது. அது ரோஸ்லினின் இரண்டாவது விருப்பம். அப்படியானால் அவருடைய முறை வந்தபோது அது காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். மஞ்சுநாத் அனுப்பிய படத்தைத் திறந்து இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். "பார்ப்பதை நிறுத்து" என்ற வரி ஒரு படி இடப்பக்கம் நின்றது. இடம் கிடைத்தால் நிறுத்து என்பதற்குப் பதிலாக, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதல் பள்ளியோடு நிறுத்து என்றாகிவிட்டது. முதலில் கேட்டது போயிருந்தால் அத்தனை பேருக்கும் "இடம் இல்லை". ஐந்து பச்சை டிக்குக்கு நான் கொடுத்த கட்டை விரலை நினைத்து வெட்கமாக இருந்தது.

"டீச்சர், அந்தத் தாளை மடிச்சு பைக்குள்ள வைங்க. ஒரு மணி நேரம் கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் எங்கள் மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை. சனிக்கிழமையைக் காப்பாற்ற நினைத்த ஒரு சாதாரண மனிதர்.

"இடம் கிடைக்காதவங்களுக்கு மிச்சம் இருக்கிற ஸ்கூலைக் கொடுத்துடுங்க மேடம். செகண்ட் லிஸ்ட்னு ஒட்டிடுங்க. ஏற்கெனவே கிடைச்சவங்களை ஏன் தொடணும்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

உண்மையைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. யாரும் சண்டை போட மாட்டார்கள். பேடா சாப்பிட்டவர்கள் சந்தோஷமாகவே வீட்டுக்குப் போவார்கள். ஆனால் மிச்சம் இருந்தது ஊருக்கு வெளியே உள்ள பள்ளிகள்தான். ரோஸ்லின் பைக்குள் இருக்கும் தாளைத் திரும்ப எடுத்துவிடுவார். இன்னொரு தலைவலியும் இருந்தது. நான் சரியான பட்டியலை ஒட்டினால் மர்பி டவுன் யாருக்குப் போகும்? என் சர்ச்சுக்கு வருகிற ரோஸ்லினுக்கு! பார்ப்பவர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன்.

சூப்பிரண்டு அம்மாளிடம் மேனேஜர் சொன்னதையும் சொன்னேன், என் பயத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"நோடி, பாருங்க மேடம், மிச்சத்தைக் கொடுத்தா இன்னிக்கு சத்தம் வராது. ஆனா எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சே. திங்கக்கிழமை அந்த டீச்சர் மொகத்தை நான் எப்படிப் பாக்கிறது? செக்ரட்டரி பத்தி கவலைப்படாதீங்க. அவருக்கு அடுத்த ரயில் இருக்கு."

லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை ஒரு படி வலப்பக்கம் தள்ளினேன். ஓட்டினேன். புதிய பட்டியலை அச்செடுத்து, யாருக்கும் காட்டாமல், நானும் முழுதாகப் படிக்காமல், நான்காக மடித்து அம்மாளிடம் கொடுத்தேன். அவர் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். மஞ்சுநாத்துக்கும் போன் போட்டேன். பையன் பதறிவிட்டான்.

"மேடம், வரியை மாத்தி வச்சது நான்தான். என் பேரையே சொல்லிடுங்க."

"நீ வரியை வச்சே, நான் கட்டை விரலைத் தூக்கினேன். ரெண்டுல எது பெரிய தப்பு, நீயே சொல்லு" என்றேன். "அழுவாதப்பா, சாப்பிட்டுட்டு வா" என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு மேடையேறி மைக்கைப் பிடித்தேன். இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அன்றுவரை மைக்கில் என் தப்பைச் சொன்னதில்லை. "இந்த லிஸ்ட் தப்பு. தப்பு என்னுடையது. முதலில் கேட்டது கிடைக்காதவங்களுக்கு இரண்டாவதைப் பார்க்காமலே புரோகிராம் நின்னுபோச்சு. சரியாப் போட்டா சிலருக்கு இப்ப கிடைச்சிருக்கிற இடம் மாறும்" என்று சொன்னேன். கன்னடத்திலும் ஒருமுறை சொன்னேன். ஹால் சந்தைக்கடையாகிவிட்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவே பிரகாஷ் எழுந்தார்.

"மாறும்னா? மர்பி டவுன் யாருக்குப் போகும் மேடம்?"

"தெரியாது சார். அநேகமா ரோஸ்லின் டீச்சருக்கு."

"அவங்க உங்க சர்ச் தானே?"

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன், இன்னும் சத்தமாக.

"ஆமா சார், எங்க சர்ச்தான். அதனால என்னை நம்பாதீங்க. கம்ப்யூட்டரையும் நம்பாதீங்க. அங்க கரும்பலகை இருக்கு, நீங்க கணக்கு வாத்தியார். சீனியாரிட்டி லிஸ்ட்டும் எல்லாரும் எழுதிக் கொடுத்த ஃபார்மும் இந்தாங்க. நீங்களே போடுங்க."

பிரகாஷ் ஃபார்ம்களை வாங்கிக்கொண்டார். பிறகு பேடா பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். பள்ளிகளின் பெயரை வரிசையாக எழுதி, இடம் மாறுகிறவர்களின் பழைய இடங்களையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் எத்தனை இடம் காலி என்பதற்கு அத்தனை கோடு போட்டார். பெயரைக் கூப்பிட்டால் அந்த ஆசிரியர் எழுந்து நின்று தன் விருப்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கோடு இருந்தால் அதை அழித்துவிட்டுப் பெயரை எழுதுவார், அவர் உட்கார்ந்துவிடலாம். இல்லையென்றால் "அடுத்தது?" என்பார். நான் எழுதிய லூப் சாக்பீஸும் டஸ்டருமாக என் கண் முன்னால் ஓடியது. கொஞ்ச நேரத்தில் கோபம் போய் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒருவர் உட்காரும்போதெல்லாம் கைதட்டினார்கள். ட்ரயல் லிஸ்டில் ஆனேக்கலில் போய் நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் இந்த முறை ஜெயநகரில் உட்கார்ந்தபோது ஒரு விசில் கூடக் கேட்டது. ஆசிரியர்கள்தான் அடித்தார்கள், சத்தியமாக.

இருபதைத் தாண்டி ரோஸ்லினின் முறை வந்தது. எழுந்து நின்றார்.

"அல்சூரு."

அங்கே கோடு இல்லை. பிரகாஷ் பலகையைப் பார்த்தபடியே, "அடுத்தது?" என்றார்.

"மர்பி டவுனு."

அங்கே ஒரே ஒரு கோடு இருந்தது. ஹாலில் எல்லோருக்கும் அது யாருடைய கோடு என்று தெரியும். பிரகாஷ் டஸ்டரைத் தூக்கினார், ஒரு விநாடி நிறுத்தினார், அழித்தார். அழித்த இடத்தில் ரோஸ்லின் என்று எழுதினார். மற்ற பெயர்களை விட அதைக் கொஞ்சம் அழகாகவே எழுதினார் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கைதட்டவில்லை. எப்படித் தட்டுவது என்று தெரியவில்லை. ரோஸ்லின் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

இதற்குப் பிறகும் பிரகாஷ் நிறுத்தவில்லை, கவனியுங்கள். தன் முறை வரும்வரை இன்னும் பதினேழு பேருக்குப் பொறுமையாக இடம் போட்டுக் கொடுத்தார். நாற்பதாவதாகத் தன் பெயரைத் தானே கூப்பிட்டார். "பிரகாஷ்!" பிறகு தானே பதில் சொன்னார்: "ஆஜர் சார்." ஹால் சிரித்தது. "மர்பி டவுன். இல்ல. அடுத்தது? அல்சூர். இல்ல. அடுத்தது?" எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கோடு இருந்தது. அது ரோஸ்லின் காலி செய்த இடம். அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். இந்த முறை கூரை அதிரும்படி தட்டினார்கள்.

எல்லாம் முடிந்ததும் சூப்பிரண்டு அம்மாள் கைப்பையைத் திறந்து மடித்த தாளை எடுத்து, பலகையோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டார். எல்லாம் ஒத்துப்போனது. "ஆயித்து, முடிஞ்சுது" என்று சொல்லிச் செயலாளரிடம் பேனாவை நீட்டினார். அந்த மனிதர் ரயிலை விட்டுவிட்டு முழு நேரமும் முன்வரிசையில் உட்கார்ந்து ரசித்திருந்தார்.

பிரகாஷ் சாக்பீஸ் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்த பேடா பெட்டியை எடுத்தார். நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார்.

"டீச்சர், இது உங்க ஸ்வீட்டு. நான் தப்பா பிரிச்சுட்டேன். அஞ்சாறு கொறையும், மன்னிச்சுக்கங்க."

ரோஸ்லினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பெட்டியை வாங்கி முதல் பேடாவை அவருக்கே கொடுத்தார். "சார், அங்க ஸ்டாஃப் ரூம்ல மூணாவது ஜன்னலாண்ட உக்காருங்க. அந்த ஃபேன் ஒண்ணுதான் ஓடும். வேற யாரும் புடிக்கிறதுக்குள்ள புடிச்சுடுங்க" என்றார். பிறகு பையிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்துக் கிழித்து, ஒரு பேடாவை அதில் சுற்றி என்னிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தபோது "மதிப்பிற்குரிய ஐயா" என்ற பகுதி என் கையில் இருந்தது.

திங்கட்கிழமை காலை நானும் மஞ்சுநாத்தும் செய்த முதல் வேலை அந்த டெஸ்ட் ஃபைலைத் திறந்ததுதான். நினைத்ததெல்லாம் கிடைத்துவிடும் அந்த ஐந்து கற்பனை மனிதர்களுக்குக் கீழே ரோஸ்லினைச் சேர்த்தோம். முதலில் கேட்டது கிடைக்காது. இரண்டாவது கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் புரோகிராம் வெளியே போகக் கூடாது. நீங்கள் லூப் எழுதும்போது எதையும் முதல் தடவையிலேயே பெறாத ஓர் ஆளை அதற்குள் அனுப்பிப் பாருங்கள். திரையைப் படம் எடுத்து யாராவது "ஓகேயா?" என்று கேட்டால் பெரிதாக்கிப் பாருங்கள். தப்பாகிவிட்டால் பலகையை எதிராளியிடம் கொடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இன்னொன்று. ரோஸ்லின் வரிக்குக் கீழே ஒரு வரி தள்ளி இன்னொரு பெயர் இருக்கும். அவருக்கு முதல் விருப்பமும் கிடைக்காது, இரண்டாவதும் கிடைக்காது, மூன்றாவதுதான். அவரைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. இப்போது உங்களுக்கே தெரியும். அவரையும் அழிக்காதீர்கள்.